தல, தலைவர், தன்னார்வலர்: வடசென்னையில் மாணவர் 'தலைமை' பற்றிச் சில குறிப்புகள்

'தலைமைப் பண்பு' என்ற சொற்சேர்க்கை நம்முடைய கல்லூரிகளுக்குள் எப்படி நுழைந்தது என்று தேடிப்பார்ப்பது சுவாரசியமான காரியம்தான். ஆனால் அதைவிட அவசரமான கேள்வி ஒன்று இருக்கிறது. சமூக மாற்றத்துக்கான மாணவர் தலைமையை உருவாக்குகிறோம் என்று சொல்லி, பிள்ளைகளை ஏழு நாள், பத்து நாள் ஓரிடத்தில் தங்கவைத்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். இப்படி உருவாகும் தலைமை யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது? பயிற்சி தந்தவருக்கா, சான்றிதழில் கையெழுத்துப் போட்டவருக்கா, இல்லை இந்தத் தலைமையால் மாறப்போவதாகச் சொல்லப்படும் சனங்களுக்கா? ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் நீளும் இந்தத் துறைமுக, தொழிற்சாலைப் பட்டையில் நின்றுகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்டால், தென்சென்னையில் கேட்கும்போது கிடைக்காத சில பதில்கள் கிடைக்கின்றன.

நம் நாட்டில் இந்த வகைத் திட்டங்களுக்கெல்லாம் மூத்தது நாட்டு நலப்பணித் திட்டம். என்.எஸ்.எஸ். என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். காந்தி நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24 அன்று, அப்போது மத்தியக் கல்வி அமைச்சராக இருந்த வி.கே.ஆர்.வி. ராவ் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிவைத்தார். இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் சேவை. அதற்கு மேல் ஒரு சிறப்பு முகாம், இப்போது ஏழு நாள். 'எனக்காக அல்ல, உனக்காக' என்பது அதன் முழக்கம். முகாமில் பிள்ளைகள் தங்குவார்கள், சமைப்பார்கள், விடியலில் எழுந்து யோகா செய்வார்கள், கொடியேற்றுவார்கள், தெரு பெருக்குவார்கள், மதியம் 'கருத்தாளர்' ஒருவர் வந்து ஆளுமை வளர்ச்சி பற்றிப் பேசுவார், ராத்திரி கலைநிகழ்ச்சி. நேரத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொரு துண்டுக்குள்ளும் உடம்பைப் பொருத்துவதுதான் ஒழுங்குறுத்தும் அதிகாரத்தின் முதல் வேலை என்று ஃபூக்கோ 1975இலேயே சொல்லிவிட்டார். அதை இங்கே மறுபடி நிறுவிக் காட்டுவதில் பெரிய லாபம் இல்லை. கால அட்டவணை எங்கேதான் இல்லை? பள்ளிக்கூடத்தில் இருக்கிறது, பின்னி ஆலையில் இருந்தது, தொழிற்சங்க அலுவலகத்திலும் இருக்கிறது.

எனக்குப் படுகிற விஷயம் வேறு. இந்த முகாம்களுக்கு மேலிருந்து கொடுக்கப்பட்ட தலைப்புகளைப் பாருங்கள். எழுபதுகளில் 'பஞ்சத்துக்கு எதிராக இளைஞர்', பிறகு 'அழுக்குக்கும் நோய்க்கும் எதிராக இளைஞர்'. அப்புறம் மரம் நடுவது, தூய்மை, ஆரோக்கியம். எல்லாத் தலைப்பிலும் எதிரி உண்டு, ஆனால் அந்த எதிரிக்கு முகவரி கிடையாது. பஞ்சம் இருக்கிறது, தானியத்தைப் பதுக்கியவன் இல்லை. அழுக்கு இருக்கிறது, அழுக்கைக் கொட்டியவன் இல்லை. வாக்கியத்திலிருந்து எழுவாயைத் தூக்கிவிட்டுப் பயனிலையை மட்டும் மாணவன் கையில் கொடுப்பது போல இது. தலைமை என்று இங்கே பயிற்றுவிக்கப்படுவது, யார் செய்தது என்று கேட்காமல் துடைத்துவிடும் திறமை.

திட்டம் வந்த நேரத்தையும் கவனிக்கவேண்டும். மொழிப்போர் நடந்து நான்கு ஆண்டு, நக்சல்பாரிக்குப் பிறகு இரண்டு ஆண்டு. மாணவர்களின் சக்தியை 'ஆக்கபூர்வமான' திசையில் திருப்பவேண்டும் என்ற பேச்சு அதிகார வட்டாரங்களில் நிறைந்திருந்த காலம். இதற்காகத்தான் என்.எஸ்.எஸ். வந்தது என்று சதிக்கோட்பாடு பேசத் தேவையில்லை. மாணவர் சேவை பற்றிய யோசனை ராதாகிருஷ்ணன் குழு காலத்திலேயே, 1950 வாக்கிலேயே, உண்டு. ஆனால் ஒரு யோசனை இருபது வருஷம் கிடப்பில் கிடந்து ஒரு குறிப்பிட்ட ஆண்டில் உயிர் பெறுகிறதென்றால், அந்த ஆண்டு அதற்கு எதையோ கொடுத்திருக்கிறது.

'தத்தெடுத்தல்' என்றொரு சொல்லும் இந்தத் திட்டத்தில் புழங்குகிறது. ஒவ்வொரு அலகும் ஒரு கிராமத்தையோ குடிசைப் பகுதியையோ தத்து எடுத்துக்கொள்ள வேண்டும். தத்து எடுக்கவேண்டும் என்றால் முதலில் அது அநாதையாக இருக்கவேண்டும். திருவொற்றியூர்க் குப்பங்களுக்கு ஊர்ப் பஞ்சாயத்து உண்டு, நாட்டார் உண்டு, தொழிற்சங்கம் உண்டு, ரசிகர் மன்றம் உண்டு, கட்சி வட்டம் உண்டு, அம்பேத்கர் மன்றமும் இரவுப் பாடசாலையும் உண்டு. இத்தனை இருந்தும் முகாமின் பார்வைக்கு அது தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. அங்கே ஏற்கெனவே இருக்கும் தலைமைகளைப் பார்க்காமல் இருந்தால்தான் தலைமையை வெளியிலிருந்து கொண்டுபோக முடியும்.

வடசென்னையில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. பழைய வண்ணாரப்பேட்டை தியாகராயர் கல்லூரியிலோ, 1973இல் தொடங்கிய வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியிலோ படிக்கும் பிள்ளைகளில் பெரும்பகுதி இந்தத் தெருக்களின் பிள்ளைகள். சேவை செய்யப் போகிறவனும் சேவைக்கு இலக்கானவனும் ஒரே ஆள். சில வருஷங்களுக்கு முன் இந்தப் பக்கத்தில் நடந்த ஒரு முகாமின் நிறைவு நாளில் பேச்சாளனாகப் போயிருந்தேன். 'உங்க அனுபவத்தைச் சொல்லுங்க' என்று ஒரு பையனை மேடையில் ஏற்றினார்கள். 'எங்க தெருவையே எனக்குச் சுத்திக் காட்டுனீங்க சார். நல்லாத்தான் இருந்துச்சு' என்றான். கூட்டம் சிரித்தது. அவன் கிண்டலாகச் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். முந்தைய நாள் தொப்பி போட்டுக்கொண்டு சாக்கடை ஓரம் பிளீச்சிங் பவுடர் தூவிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு ஆயா பிடித்துக்கொண்டதாம்: 'இன்னாடா, உங்கம்மா லாரித் தண்ணிக்குக் கொடத்த வெச்சிகினு நிக்கிது, நீ இங்க இன்னா பண்ணிகினு கீற?' அல்துஸ்ஸர் சொல்லும் விளிப்பு ஞாபகத்துக்கு வருகிறது. போலீஸ்காரன் 'ஏய்' என்று கூப்பிட, திரும்பிப் பார்ப்பவன் தன்னிலையாகிறான். இங்கே ஒரே நேரத்தில் இரண்டு பேர் கூப்பிடுகிறார்கள். திட்டம் 'தன்னார்வலரே' என்கிறது, ஆயா 'இன்னாடா' என்கிறது. பையன் எந்தப் பக்கம் திரும்புவது?

2017 ஜனவரியில் இது நகரம் முழுக்கத் தெரியும்படி நடந்தது. அந்த மாதம் 17 முதல் 23 வரை மெரினாவில் உட்கார்ந்திருந்த மாணவர்களைப் பத்திரிகைகள் 'தலைவன் இல்லாத தலைமை' என்று கொண்டாடின. 23ஆம் தேதி போலீஸ் அடித்துக் கலைத்தது; ஓடிவந்த பிள்ளைகளுக்கு இடம்கொடுத்த மீனவக் குப்பங்களும் அடிவாங்கின. அடுத்த ஐந்தாம் நாள், ஜனவரி 28 விடியலில், எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதின. கசிந்த எண்ணெய் எர்ணாவூர்க் கரையில் கறுப்புக் களியாக ஒதுங்கியது. அதை அள்ளியது யார்? மீனவர்கள், ஒப்பந்தக் கூலிகள், கடலோரக் காவல் படையினர், நூற்றுக்கணக்கில் கல்லூரி மாணவர்கள். வாளியும் கையும்தான் கருவி. உலகத்துக்கே அந்தப் படம் போயிற்று.

அந்த மாணவர்கள் செய்தது நல்ல காரியம், அதில் சந்தேகமில்லை. வாளி தூக்கிய கையை நக்கலடிக்கும் உரிமை எவனுக்கும் கிடையாது. ஆனால் ஒரு வாரத்துக்குள் நிகழ்ந்த சொல்மாற்றத்தைப் பாருங்கள். மெரினாவில் 'மாணவர் சக்தி', எர்ணாவூரில் 'தன்னார்வலர்'. அங்கே கேள்வி கேட்டார்கள், அடி கிடைத்தது. இங்கே கேள்வி கேட்கவில்லை, பாராட்டு கிடைத்தது. கசிவு சின்னது என்று முதலில் சொன்ன துறைமுக நிர்வாகத்திடம், அப்புறம் எப்படி இத்தனை டன் களி வந்தது என்று கேட்பது தன்னார்வலரின் வேலைப்பட்டியலில் இல்லை. கையுறையும் முகமூடியும் இல்லாமல் எண்ணெய்க் களிக்குள் பிள்ளைகளை ஏன் இறக்கினீர்கள் என்று மீனவப் பெண்கள்தான் கேட்டார்கள்.

சரி, முகாமும் சான்றிதழும் இல்லாமல் இந்தப் பிள்ளைகள் தாங்களாகவே உண்டாக்கிக்கொண்ட தலைமை ஒன்றும் இருக்கிறதே, அதைப் பற்றி நம் அறிவுஜீவிகள் ஏன் பேசுவதில்லை? அதற்கு 'ரூட்டு தல' என்று பெயர். பேரைச் சொன்னதும் முகம் சுளிக்கிறோம்.

வடசென்னையின் கல்லூரிகள் பகல் கல்லூரிகள். தங்கிப் படிக்கும் வளாகம் கிடையாது. கும்மிடிப்பூண்டி, மீஞ்சூர், அத்திப்பட்டு, எண்ணூர், கத்திவாக்கம் என்று மின்ரயிலில் வருபவர்களும், பஸ்ஸில் தொங்கி வருபவர்களும்தான் மாணவர்கள். போகவர இரண்டு மூன்று மணி நேரம். ஆகவே அவனுடைய வளாகம் பஸ்தான். அவனுடைய விடுதி ரயில்பெட்டிதான். ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு கூட்டம், கூட்டத்துக்கு ஒரு 'தல'. கானா பாடுவது, முதலாமாண்டுப் பையனுக்கு ஃபீஸ் கட்ட வசூல் பண்ணுவது, கண்டக்டரோடு மல்லுக்கட்டுவது, வேறு கல்லூரிக்காரன் அடித்தால் திருப்பி அடிப்பது எல்லாம் தலயின் பொறுப்பு. வருஷத்துக்கு ஒருநாள் 'பஸ் டே': வண்டிக்கு மாலை, டிரைவருக்குச் சால்வை, கூரைமேல் ஆட்டம். மாணவர் பேரவைத் தேர்தல் தமிழகத்தின் பெரும்பாலான கல்லூரிகளில் பல பத்தாண்டுகளாக முறையாக நடப்பதில்லை என்பதோடு இதைச் சேர்த்துப் படிக்கவேண்டும். நடத்தினாலும் என்ன? லிங்டோ குழுவின் பரிந்துரைகளை 2006இல் உச்சநீதிமன்றம் ஏற்று நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 75 சதவீதம் வருகைப்பதிவு வேண்டும், குற்றப் பதிவு இருக்கக்கூடாது, ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாகியிருக்கக்கூடாது. ராத்திரி மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைத்துவிட்டுக் காலையில் முதல் பீரியடைத் தவறவிடுபவனுக்கு முதல் நிபந்தனையிலேயே கதவு மூடிக்கொள்ளும். பஸ்ஸில் பிடிபட்டு வழக்கு வாங்கியவனுக்கு இரண்டாவதில்.

ரூட்டு தலயை வீரனாக்குவது என் நோக்கமில்லை. விளிம்புநிலை என்று சொன்னாலே எல்லாமே கலகம் என்று கொண்டாடிவிடும் பழக்கம் நம் சிறுபத்திரிகைகளுக்கு உண்டு. தொண்ணூறுகளில் அதை நிறையவே செய்தாயிற்று. 2019 ஜூலை 23 அன்று அரும்பாக்கம் பக்கம் 29இ பஸ்ஸுக்குள் பச்சையப்பன் கல்லூரிப் பிள்ளைகளே பட்டாக்கத்தியோடு ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். 2024 அக்டோபரில் மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் சென்ட்ரல் ரயில் நிலையம் அருகே பச்சையப்பன் மாணவர்களால் தாக்கப்பட்டு, சில நாளில் உயிரிழந்தார். இரண்டு பக்கமும் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். குடும்பத்தில் முதல்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். ஜெயிலுக்குப் போனவனும் செத்தவனும் ஒரே மாதிரித் தெருவிலிருந்து வந்தவர்கள். இதற்குக் கோட்பாட்டுச் சால்வை போர்த்த முடியாது.

ஆனால் இதை அரசு எதிர்கொண்ட விதம் ஒன்றை வெளிச்சமாக்குகிறது. 2019 சம்பவத்துக்குப் பிறகு போலீஸ் செய்த முதல் வேலை ரூட்டு தலைகளின் பட்டியல் தயாரித்து, இனி ஒழுங்காக இருப்போம் என்று எழுதி வாங்கியது. பிடிபட்ட பிள்ளைகள் கையில் மாவுக்கட்டோடு நிற்கும் படங்கள் வெளிவந்தன. தப்பி ஓடும்போது விழுந்தார்களாம். நாமும் வாட்ஸாப்பில் அனுப்பிச் சிரித்தோம். அதாவது, இந்தப் பிள்ளைகளுக்குத் தலைவர்கள் இருக்கிறார்கள், அந்தத் தலைவர்கள் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள் என்பதைக் கல்வித்துறை கண்டுகொள்ளவில்லை, காவல்துறை கண்டுகொண்டது. ஒரு தடத்தின் ஐம்பது பேரை ஒரு சொல்லில் நிறுத்தக்கூடியவனை அழைத்து, 'உன்கூட வர்றவங்களுக்கு என்னப்பா பிரச்சனை? வண்டி ஏன் நேரத்துக்கு வர்றதில்லை? இந்தத் தடத்துல கூடுதல் பஸ் விடச் சொல்லி எழுதுவோமா?' என்று கேட்ட கல்லூரி ஒன்றை நான் பார்த்ததில்லை. தலயின் தலைமை முரட்டுத்தனமானது, அவனுக்கு எதிரி இன்னொரு கல்லூரிக்காரன்தானே தவிர பஸ்ஸைக் குறைத்தவன் இல்லை என்பதெல்லாம் உண்மை. ஆனாலும் ஒன்று. அவன் தன்னோடு தொங்குகிறவனுக்கு நாளைக் காலையில் பதில் சொல்லியாகவேண்டும். முகாமில் 'சிறந்த தலைமைப் பண்பு' விருது வாங்கியவன் யாருக்கும் பதில் சொல்லவேண்டியதில்லை.

இவ்வளவு நேரம் 'அவன்', 'பையன்' என்றே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். ரூட்டு என்பது முழுக்க ஆண்களின் உலகம். அந்தப் பெட்டியில் பாரதி மகளிர் கல்லூரிக்குப் போகும் பெண் பயணியாக இருப்பாள், பல சமயம் கானாவின் பேசுபொருளாக இருப்பாள், தலயாக ஒருநாளும் இருக்கமாட்டாள். ஆகவே தங்கல் முகாம் என்பது அவளுக்கு வேறொன்று. காசிமேட்டிலிருந்தோ கொருக்குப்பேட்டையிலிருந்தோ வரும் பெண்ணுக்கு, அம்மா அப்பா அண்ணன் யாரும் இல்லாமல் தோழிகளோடு ஒரு பள்ளிக்கூடத் தரையில் பாய் விரித்துத் தூங்கும் ஏழு ராத்திரி, வாழ்க்கையில் முதல்முறையாகக் கிடைப்பது. ராத்திரி பதினோரு மணிவரைக்கும் பேசிக்கொண்டிருக்கலாம். தண்ணி பிடிக்கவேண்டாம். தம்பிக்குச் சோறு போடவேண்டாம். முகாமில் என்ன போதித்தார்கள் என்பது அவளுக்கு மறந்துபோகும்; தங்கியது மறக்காது. பெண்கள் கல்லூரிகளில், பெற்றோர் ஒத்துக்கொள்ளமாட்டார்கள் என்று இரவுத் தங்கலை வெட்டிவிட்டுப் பகல் முகாமாக ஆக்கும் வழக்கமும் உண்டு. அதாவது அவளுக்கு எது விடுதலையோ அதைக் கழித்துவிட்டு, பெருக்குமாற்றை மட்டும் மிச்சம் வைப்பது. பெருக்க அவளுக்கு முகாமா வேண்டும்? ஆக, தங்கவைத்தல் என்பதே அதிகாரத்தின் தந்திரம் என்று ஒரேயடியாக எழுதிவிட முடியாது. தங்கும் இடத்தில் யாரோடு தங்குகிறோம், எதற்குத் திரும்பிப் போகிறோம் என்று பார்க்கவேண்டும்.

இதை அம்பேத்கரைவிடத் தெளிவாகப் புரிந்துகொண்டவர் இல்லை. கோலாப்பூரில் சாகு மகராஜ் 1901 முதல் சாதிவாரியாக மாணவர் விடுதிகளைத் திறந்தார். 1924இல் தொடங்கிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையின் மூலம் அம்பேத்கர் எடுத்த முதல் வேலைகளில் ஒன்று 1925இல் சோலாப்பூரில் விடுதி திறந்தது. கூட்டத்துக்கும் மாநாட்டுக்கும் முன்னால் சோறும் படுக்கையும் விளக்கும். தலைமைப் பண்பு வகுப்பு எதுவும் அங்கே நடத்தவில்லை. சேரியில் விளக்கில்லாத பிள்ளைக்கு விளக்கு கிடைத்தால் மற்றதை அவனே பார்த்துக்கொள்வான் என்ற நம்பிக்கை. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் நலத்துறையின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விடுதிகள் அந்த மரபின் அரசு வடிவம். மாணவர் தலைமையை உருவாக்கும் தங்கல் திட்டங்களைப் பட்டியல் போடுகிறவர்கள் யாரும் இந்த விடுதிகளை அதில் சேர்ப்பதில்லை. ஆனால் சோற்றில் புழு என்று தட்டைத் தூக்கிக்கொண்டு சாலையில் உட்கார்ந்து மறியல் செய்யும் விடுதிப் பையனுக்குக் கருத்தாளர் தேவைப்பட்டதில்லை. அவனுக்குக் கிடைத்தது சான்றிதழ் அல்ல, வழக்கு.

விடுதி என்ன செய்யும் என்று அரசுக்கு நன்றாகவே தெரியும். 1929இல் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகமாகத் தொடங்கப்பட்ட அண்ணாமலைதான் திராவிட இயக்கத்துக்கு ஒரு தலைமுறைப் பேச்சாளர்களைக் கொடுத்தது. 1965 ஜனவரி 27 அன்று மாணவர் ராஜேந்திரன் அங்கேதான் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் செத்தார். 2013 மார்ச்சில் ஈழத்துக்காக மாணவர்கள் எழுந்தபோது அரசு கல்லூரிகளுக்குக் காலவரையற்ற விடுமுறை விட்டது. விடுதிகளைக் காலிசெய்யச் சொன்னார்கள். ஒரே அரசு, ஏழு நாள் முகாமுக்கு மானியம் தருகிறது, முந்நூறு நாள் விடுதியை நெருக்கடி வந்தால் காலிசெய்யச் சொல்கிறது.

2025 ஜூலையில் தமிழக அரசு இந்த விடுதிகளுக்கெல்லாம் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாற்றியது. சாதிப் பெயர் பலகையிலிருந்து போனது நல்லதுதான். அதற்கு முந்தைய ஆண்டு, நாங்குநேரியில் பள்ளி மாணவன் வெட்டப்பட்டதை அடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு ஒருநபர் குழு தன் அறிக்கையில் 'சமூகநீதி மாணவர் படை' என்றொன்றைப் பரிந்துரைத்தது. சீருடை, பயிற்சி, அணிவகுப்பு. சந்துருவின் நோக்கத்தைச் சந்தேகிக்க நமக்கு எந்தக் காரணமும் இல்லை. ஆனால் சமூகநீதி என்று யோசித்தாலும் நம் கற்பனை ஏன் படையிலும் அணிவகுப்பிலும் போய் நிற்கிறது?

வெளியே ஓர் உதாரணம் பார்க்கலாம். அமெரிக்காவின் டென்னசி மலைப் பகுதியில் 1932இல் மைல்ஸ் ஹார்டனும் நண்பர்களும் தொடங்கிய ஹைலேண்டர் நாட்டுப்புறப் பள்ளி. தங்கல் பள்ளிதான், ஒரு வாரம், இரண்டு வாரம் வந்து தங்குவார்கள், கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் சாப்பிடுவார்கள், அதுவே அங்கே சட்டவிரோதம். ரோசா பார்க்ஸ் 1955 கோடையில் அங்கே போய்வந்தார், டிசம்பரில் மாண்ட்கோமரி பஸ்ஸில் எழுந்திருக்க மறுத்தார் என்ற கதை எல்லாருக்கும் தெரியும். முகாம்காரர்கள் இதைச் சொல்லும்போது ஏதோ பயிற்சியின் விளைவு போலச் சொல்வார்கள். ரோசா பார்க்ஸ் அங்கே போகும்போதே பத்தாண்டுக்கு மேலாக உள்ளூர் இயக்கத்தின் செயலாளராக வேலை செய்தவர் என்பதை விட்டுவிடுவார்கள்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ஈசா ஜென்கின்ஸ் கதை. தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவிலிருந்து சார்ல்ஸ்டன் நகரத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு பஸ் ஓட்டியவர். வாக்காளராகப் பதிய வேண்டுமானால் அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியை வாசித்துக் காட்டவேண்டும் என்பது அங்கே சட்டம். பஸ்ஸில் வந்த ஒரு பெண்மணி, எனக்குப் படிக்கச் சொல்லிக்கொடு என்று கேட்டார். ஜென்கின்ஸ் காலையும் மாலையும் ஓடுகிற பஸ்ஸிலேயே சட்டப் பிரிவுகளைச் சொல்லிக்கொடுத்தார். அதாவது, நம் மொழியில் சொன்னால், அவர் ஒரு ரூட்டு தல. ஹைலேண்டருக்கு அவர் 1954இல் வந்தபோது அவர்கள் அவருக்குத் தலைமை கற்றுக்கொடுக்க முனையவில்லை. உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். வாசிக்கக் கற்க இடம் வேண்டும் என்றார். 1957 ஜனவரியில் ஒரு மளிகைக்கடையின் பின்னறையில் முதல் குடியுரிமைப் பள்ளி தொடங்கியது. பாடம் நடத்த வாத்தியாரைத் தேடவில்லை. பெர்னிஸ் ராபின்சன் என்ற அழகுநிலையக்காரரைப் பிடித்தார்கள், அவருக்கு வாத்தியார்த்தனம் இருக்காது என்பதற்காகவே. தெற்கு மாநிலங்கள் பூராவும் அது பரவியது. 1961இல் டென்னசி அரசு ஹைலேண்டரின் உரிமத்தைப் பறித்து மூடியது. பதில் சொல்லவேண்டிய திசை மாறினால் மானியத்துக்குப் பதில் இதுதான் வரும்.

இங்கிலாந்தில் தொழிலாளிகளுக்காக 1899இல் திறக்கப்பட்ட தங்கல் கல்லூரியான ஆக்ஸ்ஃபோர்டு ரஸ்கினில் 1909இல் மாணவர்களே வேலைநிறுத்தம் செய்தார்கள். கல்லூரி யாருடையது, பல்கலைக்கழகத்துடையதா, அனுப்பிவைத்த தொழிற்சங்கங்களுடையதா என்பதுதான் தகராறு. பதவி நீக்கப்பட்ட முதல்வர் டென்னிஸ் ஹெர்டின் பக்கம் நின்ற மாணவர்கள் வெளியேறித் தனியாக மத்தியத் தொழிலாளர் கல்லூரியைத் தொடங்கினார்கள். தலைமைப் பயிற்சி பெற்றவர்கள் பயிற்சி தந்தவர்களிடமே அதைக் காட்டினார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் பக்கத்துக்கே வந்தால், பெரம்பூரில் செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் நடத்திய வேங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை என்ற பஜனை சபையில்தான் பின்னி ஆலைத் தொழிலாளிகள் ஷிப்டு முடிந்து வந்து உட்கார்ந்தார்கள். புராணம் கேட்க வந்தவர்கள் சாப்பாட்டு இடைவேளை பற்றியும் அடி உதை பற்றியும் பேச ஆரம்பித்து, 1918 ஏப்ரலில் வாடியாவும் திரு.வி.க.வும் சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கம் ஆனது. ஆலையிலிருந்து நடந்து வரும் தூரத்தில் இருந்தது சபை. அதுதான் அதன் பலம். ஆனால் யார் அந்தச் சபைக்குள் உட்கார முடிந்தது, யார் உட்கார முடியவில்லை என்பதற்கான விலையை 1921இல் புளியந்தோப்பு கொடுத்தது. வேலைநிறுத்தத்தில் சாதி இந்துத் தொழிலாளிகள் ஒரு பக்கம், ஆதிதிராவிடத் தொழிலாளிகள் மறுபக்கம், குடிசைகள் எரிந்தன. மண்ணிலிருந்து முளைத்த தலைமை என்றாலே சுத்தமானது என்று நம்புகிறவர்கள் இந்த ஆண்டை மறந்துவிடுகிறார்கள்.

எண்ணூர் இன்றைக்கு எந்த நிலையில் இருக்கிறது? 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சி.பி.சி.எல். பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் இறங்கியது. மறுபடியும் வாளி, மறுபடியும் கை. இந்தமுறை பெரும்பாலும் மீனவர்களின் கை. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவு கோரமண்டல் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் சனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டு ஓடினார்கள். அப்புறம் நாள்கணக்கில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். பந்தலில் முன்வரிசையில் பெண்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. 1996இல் மத்திய அரசின் ஒப்புதல் பெற்ற கடற்கரை மண்டல வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் முழுசாக இருந்தது. பின்னால் அரசு கையாண்ட வேறொரு வரைபடத்தில் அதன் பெரும்பகுதி காணாமல் போயிருந்தது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது இது வெளியே வந்தது. அப்போது காட்டுக்குப்பத்து மீனவர்களுக்கு அளவுகோல், அட்சரேகை எல்லாம் படிக்கத் தெரிந்துவிட்டது. யாரும் அதற்கு ஏழு நாள் முகாம் நடத்தவில்லை, பட்டத்துக்கு மதிப்பெண்ணும் தரவில்லை.

அடுத்த சிறப்பு முகாமைக் கழிமுகத்தின் கரையில் வைத்துக்கொள்ளலாம். பெருக்குமாறு வேண்டாம். இரண்டு வரைபடங்களையும் தரையில் விரித்துவைத்து, எந்தக் கோடு எங்கிருந்து எங்கே நகர்ந்திருக்கிறது, அந்த இடத்தில் இப்போது சாம்பல் குட்டையா, துறைமுகக் கிடங்கா என்று குப்பத்துப் பெரியவர்கள் சொல்ல, பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும். பெண் பிள்ளைகளும் ராத்திரி அங்கேயே தங்கட்டும். எழுதுகிறவர்களில் சிலருக்கு அந்த இடமெல்லாம் முன்பே தெரிந்திருக்கும், அப்பாவோடு படகில் போயிருப்பார்கள். கும்மிடிப்பூண்டி வண்டியின் தலயையும் கூப்பிடவேண்டும், அவனுக்கு 75 சதவீத வருகைப்பதிவு இல்லாவிட்டாலும். ஏழாம் நாள் சாயந்தரம் பிள்ளைகள் ஒரு தீர்மானம் எழுதுவார்கள். திட்ட அலுவலர் அதை எந்த அலுவலகத்துக்கு அனுப்புகிறார், அனுப்புகிறாரா என்பதைப் பெரியகுப்பத்துப் பெண்கள் வந்து கேட்பார்கள்.